பாதி உரிப்பதற்குள் மழுங்கிவிடும் கத்தி: புதிது வாங்குவதா?

மலைநடையன்:
மானை உரிக்கவும் இறைச்சியைப் பிரிக்கவும் ஒரே கத்திதான் வைத்திருக்கிறேன். கார்பன் எஃகு, நான்கு அங்குல அலகு. தொடங்கும்போது தாளைச் சர்ரென்று அறுக்கிறது. விலாவைத் தாண்டுவதற்குள் தோலில் வழுக்குகிறது. சாணை பிடிப்பவர் ஒருவரிடம் கொடுத்தேன். மின்சக்கரத்தில் பிடித்ததில் நுனி நீலமாகிவிட்டது. இப்போது அந்தப் பகுதியில் கூர் நிற்பதே இல்லை. விலை உயர்ந்த எஃகில் புதிது வாங்குவதுதான் வழியா?

எஃகுப்பித்தன்:
டி2 போன்ற எஃகைப் பாருங்கள். ராக்வெல் என்ற கடின அளவுகோலில் 60 அளவுக்குக் கடினம் கிடைக்கும், கூர் நெடுநேரம் நிற்கும். ஆனால் தீட்ட நேரம் பிடிக்கும்.

பழைய கசாப்புக்காரன்:
வாங்காதீர்கள். வாங்கினாலும் இதே கதைதான்.

சதை கத்தியை அவ்வளவாக மழுக்காது. மழுக்குவது உரோமமும் அதில் ஒட்டிக் காய்ந்த மண்ணும், அடுத்தபடியாக எலும்பு. நீங்கள் தோலை மேலிருந்து கீறுகிறீர்கள் என்று பந்தயம் கட்டுவேன். சிறு துளையிட்டு அலகை உள்ளே செலுத்தி, கூர்ப்பக்கம் வெளியே பார்க்க, உள்ளிருந்து கீறுங்கள். உரோமம் அறுபடாமல் விலகிக்கொடுக்கும்.

நீல நுனிக்கு வருவோம். கார்பன் எஃகு நீலமாவது ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸில். கத்தி செய்பவர்கள் பொதுவாக 200 டிகிரியை ஒட்டித்தான் பதப்படுத்துவார்கள். அதை மீறிச் சூடேறிய இடம் கடினம் குறைந்து மென்மையாகிவிட்டது. தீட்டித் தீட்டி அதை மீட்க முடியாது. நீலம் பாய்ந்த உலோகத்தை ஈரக்கல்லில் பொறுமையாகத் தேய்த்து நீக்குங்கள். நுனி சற்றுக் குட்டையாகும், போகட்டும். அந்தச் சக்கரத்தின் பக்கமே இனிப் போகாதீர்கள்.

தீட்டுவதற்கு 1000 கிரிட் (கல்லின் நைசைக் குறிக்கும் எண்) கல் ஒன்று போதும். பக்கத்துக்கு 20 டிகிரி கோணம். கோணமானி எதற்கு? அலகின் அகலம் 30 மி.மீ. என்றால் முதுகைக் கல்லிலிருந்து 10 மி.மீ. உயர்த்திப் பிடியுங்கள், கணக்குச் சரியாக வரும். விளிம்பில் மார்க்கர் பேனாவால் மை பூசிவிட்டு நாலு இழுப்பு இழுத்துப் பாருங்கள். மை மிஞ்சிய இடத்தில் கல் படவில்லை. ஒரு பக்கம் தீட்டும்போது மறுபக்கத்தில் அடியிலிருந்து நுனிவரை பிசிறு, அதாவது விளிம்பில் மடிந்து எழும் மெல்லிய உலோக இழை, தட்டுப்பட வேண்டும். அதுவரை பக்கம் மாற்றாதீர்கள்.

பிசிறு வந்ததும் வேலை முடிந்தது என்று பலர் எழுந்துவிடுகிறார்கள். பிசிறு இருக்கும் கத்தியும் தாளை அறுக்கும்! ஆனால் தோலில் நாலு இழுப்புக்குள் அது மடிந்துவிடும். உங்கள் விலா விவகாரத்தில் பாதி இதுதான் என்பது என் ஊகம். அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே பக்கம் மாற்றி மாற்றி இழுங்கள். கடைசியில் தோல் பட்டையில், முதுகு முன்னே செல்லும்படி இழுத்தால் மிச்சமும் உதிர்ந்துவிடும்.

மலைநடையன்:
நன்றி ஐயா. மேலிருந்து கீறுவதும் உண்மைதான். வேலைக்கு நடுவே தீட்டுக்கம்பி பயன்படுத்தலாமா? துருவுக்கு என்ன செய்வது?

பழைய கசாப்புக்காரன்:
கம்பி தாராளமாக. அது மடிந்த விளிம்பை நிமிர்த்தும். தேய்ந்துபோன விளிம்புக்குக் கல்தான். லேசாக இழுங்கள், வாள் சண்டை வேண்டாம்.

இரத்தத்தில் உப்பு இருக்கிறது, கார்பன் எஃகில் காயவிடக் கூடாது. முதலில் குளிர்ந்த நீரில் அலசுங்கள். கொதிநீரை எடுத்த எடுப்பில் ஊற்றினால் இரத்தம் உறைந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு சோப்பும் வெந்நீரும். குளோரின் கரைசலில் ஊறப்போட்டால் அலகில் குழி விழும். நன்றாகத் துடைத்து, உணவுத் தரக் கனிம எண்ணெயை மெல்லியதாகப் பூசுங்கள். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துச் சிக்கு வாடை அடிக்கும். தோல் உறை எடுத்துச் செல்ல மட்டுமே. ஈரத்தைப் பிடித்து வைக்கும் அதற்குள் மாதக்கணக்கில் கத்தியை வைக்காதீர்கள்.

எஃகுப்பித்தன்:
பிசிறு விஷயத்தில் உடன்படுகிறேன். டி2 மட்டும் இன்னும் என் கட்சிதான்.