அலுமினிய ஃப்ளைவீல் போடலாமா? 1.8 எம்எக்ஸ்-5, கியர்பாக்ஸ் ஏற்கெனவே கீழே இறங்கிவிட்டது

பின்சக்கரம்:

எல்லோருக்கும் வணக்கம். என் கார் 1994 மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.8 லிட்டர் எஞ்சின், ஐந்து கியர். கிளட்ச் வழுக்க ஆரம்பித்ததால் கியர்பாக்ஸை இறக்கிவிட்டேன். இவ்வளவு தூரம் பிரித்த பிறகு பழைய ஃப்ளைவீலையே (எஞ்சினுக்கும் கிளட்சுக்கும் நடுவே சுழலும் கனமான சக்கரம்) திரும்ப மாட்ட மனம் வரவில்லை. கழற்றித் தராசில் வைத்தேன், 7.9 கிலோ இருக்கிறது.

நண்பர் ஒருவர் தன் காரிலிருந்து கழற்றிய அலுமினிய ஃப்ளைவீலைக் கொடுக்கத் தயாராக இருக்கிறார். அது வெறும் 3.9 கிலோ. இரண்டையும் இரண்டு கையில் தூக்கிப் பார்த்தால் அலுமினியத்தின் மேல் ஆசை வராமல் இருக்காது. ஆனால் அவர் ஏன் கழற்றினார் என்பதுதான் உறுத்துகிறது. அவருடையது ஓபிடி-2 (எஞ்சின் கோளாறைக் கார் தானே கண்டறிந்து கோடு காட்டும் முறை) உள்ள 1996 மாடல். ஏசி போட்டுக்கொண்டு சிக்னலில் நின்றால் எஞ்சின் ஆஃப் ஆகிவிடுமாம். செக் எஞ்சின் விளக்கு எரிந்து பி0300 கோடும், அதாவது மிஸ்ஃபையர் (சிலிண்டர் எரியாமல் விடுவது) என்று சொல்லும் கோடும், அடிக்கடி வந்ததாம்.

நான் தினமும் வேலைக்குப் போவது இந்தக் காரில்தான், அதில் பாதி நேரம் நெரிசல். மாதம் ஒரு முறை டிராக்குக்குக் கொண்டுபோவேன். அலுமினியம் எனக்குச் சரிப்படுமா? 5.2 கிலோவில் லேசான ஸ்டீல் ஃப்ளைவீலும் கிடைக்கிறது. நான்கு கிலோ குறைந்தால் கார் உண்மையிலேயே எவ்வளவு மாறும்?

ஒன்பதாயிரம்:

யோசிக்காமல் அலுமினியம் போடுங்கள். என் ஹோண்டா எஸ்2000-இல் நான்கு வருடமாக ஓடுகிறது. கியர் குறைக்கும்போது ஆக்சிலரேட்டரைக் குதிகாலால் லேசாகத் தட்டினாலே ரெவ் (எஞ்சின் சுழலும் வேகம்) பறந்து வந்து நிற்கும். அந்தச் சுகம் பழகிவிட்டால் பழைய ஃப்ளைவீல் சேற்றில் கால் வைத்ததுபோல் இருக்கும். டைனோவிலும் (காரை ரோலர் மேல் ஓட்டிச் சக்தியை அளக்கும் கருவி) முன்பைவிடக் கூடுதல் குதிரைசக்தி காட்டியது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், என் கார் டிராக்குக்கு மட்டும்தான். நெரிசலில் ஓட்டியதில்லை.

டியூனர்:

டைனோ விஷயத்தை முதலில் நேராக்கிவிடுவோம். ஃப்ளைவீல் மாற்றினால் எஞ்சின் சக்தி கூடாது. பெரும்பாலான டைனோக்கள் ரோலரை எவ்வளவு சீக்கிரம் சுழலவைக்கிறோம் என்பதைக் கொண்டே சக்தியைக் கணக்கிடுகின்றன. எஞ்சின் தன்னையே சுழலவைக்கச் செலவழிப்பது குறைந்தால் ரோலருக்கு மிச்சம் அதிகம் போகும். ஒரே வேகத்தில் நிறுத்தி அளந்தால் வித்தியாசம் இருக்காது.

இப்போது பி0300. நாலு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் (ஃப்ளைவீல் மாட்டியிருக்கும் எஞ்சின் தண்டு) அரைச் சுற்று சுற்றும்போது ஒரு சிலிண்டர் எரிகிறது. 850 ஆர்பிஎம்மில் இரண்டு எரிப்புகளுக்கு நடுவே சுமார் 35 மில்லிசெகண்ட் இடைவெளி. ஒவ்வொரு எரிப்பிலும் கிராங்க் ஒரு சிறு உந்தல் வாங்கி, அடுத்தது வரும்வரை வேகம் இறங்குகிறது. இந்த ஏற்ற இறக்கத்தைத் தடவிக் கொடுப்பதுதான் ஃப்ளைவீலின் முதல் வேலை. ஓபிடி-2 ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) மிஸ்ஃபையரைக் கண்டுபிடிப்பதும் கிராங்கின் இதே வேக ஏற்ற இறக்கத்தைப் பார்த்துத்தான். ஃப்ளைவீல் லேசானால் ஏற்ற இறக்கம் பெரிதாகும், எரியாத சிலிண்டர் இல்லாமலே எரியவில்லை என்று அது முடிவுகட்டும். அதற்காக உங்கள் நண்பர் பிளக், காயில், வயர் எதையும் பார்க்காமல் ஃப்ளைவீல் மேல் பழியைப் போட்டுவிடக் கூடாது. நிஜ மிஸ்ஃபையர் இல்லை என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும்.

உங்கள் 1994-இல் ஓபிடி-2 கிடையாது, அதனால் விளக்குத் தொல்லை வராது. ஐடில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) தொல்லை வரும். ஏசி கம்ப்ரசர் பிடிக்கும் நொடியில் ஐடில் வால்வு திறந்து காற்றுக் கொடுப்பதற்குள் ரெவ் விழுந்துவிடும். ஐடிலை 100 ஆர்பிஎம் ஏற்றி வைத்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம்.

கடைசல்:

தம்பி, உங்கள் கேள்வியில் எடை மட்டும் இருக்கிறது. அந்த எடை மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது இல்லை. விஷயமே அங்கேதான் இருக்கிறது. பள்ளியில் படித்த நிலைமத் திருப்புத்திறனை (சுழல்வேகம் மாறுவதற்குப் பொருள் காட்டும் எதிர்ப்பு) ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள், தூரத்தின் வர்க்கம் வரும். மையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிலோவைச் சுரண்டி எடுத்தால் எஞ்சினுக்குத் தெரியவே தெரியாது. விளிம்பில் கால் கிலோ எடுத்தால் தெரியும். அலுமினிய ஃப்ளைவீலிலும் விளிம்பில் ரிங் கியர் ஸ்டீல்தான், கிளட்ச் உரசும் தகடும் ஸ்டீல்தான். ஆக, கனமான பாகமெல்லாம் வெளிப்பக்கம், அலுமினியம் நடுவில். எடை பாதியானால் நிலைமமும் பாதியாகிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம்.

அளந்தே பார்க்கலாம், பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஃப்ளைவீலைப் படுக்கைவாட்டில் மூன்று சம நீளக் கயிறுகளில் தொங்கவிடுங்கள். கிளட்ச் மூடியின் போல்ட் துளைகளில் ஒன்று விட்டு ஒன்றாக மூன்றில் கட்டினால் போதும், மேலேயும் அதே ஆரத்தில் கட்டுங்கள். லேசாகத் திருகி விட்டால் முன்னும் பின்னுமாகத் திரும்பும். போய்த் திரும்பி வருவது ஒரு முறை. 20 முறைக்கு எத்தனை நொடி என்று பார்த்து, ஒரு முறைக்கான நேரத்தை எடுங்கள். எடை, புவியீர்ப்பு முடுக்கமான 9.81, கயிறு கட்டிய ஆரத்தின் வர்க்கம், நேரத்தின் வர்க்கம், இந்த நான்கையும் பெருக்கி, 39.5-ஐயும் கயிற்றின் நீளத்தையும் பெருக்கியதால் வகுத்தால் வருவதுதான் நிலைமம். எல்லாம் கிலோ, மீட்டர், நொடியில் இருக்கட்டும்.

அப்புறம், பழைய அலுமினிய ஃப்ளைவீல் என்றால் ஸ்டீல் தகட்டை நன்றாகப் பாருங்கள். அலுமினியம் சூட்டில் ஸ்டீலைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். 200 மி.மீ. குறுக்களவில் 150 டிகிரி சூடு ஏறினால் இரண்டுக்கும் நடுவே மூன்றில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் வந்துவிடும். ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் இந்த இழுபறியைத் தாங்குவது அந்தச் சின்னத் திருகுகள்தான். ஹாஃப் கிளட்சிலேயே ஓட்டியிருந்தால் தகடு குடைபோல் வளைந்திருக்கும்.

நீலச்சங்கு:

நடுவில் ஒரு சின்னச் சந்தேகம். என் காரில் டூயல் மாஸ் ஃப்ளைவீல் (நடுவே ஸ்பிரிங் வைத்து இரண்டு பாகமாகச் செய்தது). அதை எடுத்துவிட்டு அலுமினியம் மட்டும் போட்டால் போதுமா?

டியூனர்:

போதாது. டூயல் மாஸில் அதிர்வை வாங்கும் ஸ்பிரிங் ஃப்ளைவீலுக்குள்ளேயே இருக்கும், அதனால் பெரும்பாலும் கிளட்ச் டிஸ்கில் ஸ்பிரிங் இருக்காது. ஒற்றை ஃப்ளைவீலுக்கு மாறினால் ஸ்பிரிங் உள்ள டிஸ்கும் சேர்த்து வாங்க வேண்டும். அப்படியும் நியூட்ரலில் கடகட சத்தம் வரும். எதற்கும் தனி இழையில் கேளுங்கள், உங்கள் எஞ்சின் எது என்று தெரியாமல் மேற்கொண்டு சொல்ல முடியாது.

பின்சக்கரம்:

கடைசல் அண்ணா, நேற்று இரவு செய்துவிட்டேன். காற்றில்லாத ஷெட், 1.5 மீட்டர் கயிறு, ஆரம் 12 செ.மீ. ஒவ்வொன்றையும் மூன்று தடவை அளந்தேன்.

ஒரிஜினல், 20 திரும்பலுக்கு 42.4 நொடி. கணக்குப் போட்டால் 0.085 வருகிறது. அலுமினியம் 44 நொடி, அதாவது 0.045. எடையில் பாதிக்குக் கீழே இருப்பது இன்னும் மெதுவாகத் திரும்புகிறது! முதலில் கயிற்றைத் தப்பாகக் கட்டிவிட்டேன் என்று அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன். அதே 44 நொடி.

கடைசல்:

தப்பில்லை தம்பி, அதுதான் நான் சொன்னது. இந்தத் தொங்கலில் எடை குறைந்தாலும் கூடினாலும் நேரம் மாறாது. பொருள் சராசரியாக மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் நேரத்தைத் தீர்மானிக்கும். அலுமினியம் மெதுவாகத் திரும்பியது என்றால் அதன் கனம் ஒரிஜினலைவிட வெளிப்பக்கம் இருக்கிறது. எடை 51 சதவீதம் குறைந்தது, நிலைமம் 47 சதவீதம்தான் குறைந்தது. உங்களுடையது நல்ல வடிவமைப்புதான். ஏமாற்றுகிறவற்றில் இந்த இடைவெளி இன்னும் பெரிதாக இருக்கும்.

இனி, கார் எவ்வளவு மாறும் என்று கேட்டீர்களே, அதற்கு வருவோம். நிலைமத்தில் குறைந்திருப்பது 0.04. இதை மொத்தக் கியர் விகிதத்தின் வர்க்கத்தால் பெருக்கி, டயர் ஆரத்தின் வர்க்கத்தால் வகுத்தால், காரிலிருந்து எத்தனை கிலோவை இறக்கிவைத்ததற்குச் சமம் என்று தெரியும். உங்கள் பெட்டியில் முதல் கியர் 3.136, இரண்டாவது 1.888, மூன்றாவது 1.330, நான்காவது நேரடி, ஐந்தாவது 0.814. டிஃபரன்ஷியல் விகிதம் 4.1, கியர் விகிதத்தோடு இதைப் பெருக்கினால் மொத்த விகிதம். 185/60 ஆர்14 டயருக்கு உருளும் ஆரம் 0.285 மீட்டர் என்று வைத்தேன்.

முதல் கியரில் 81 கிலோ, ஒரு ஆளையே இறக்கிவிட்ட மாதிரி. இரண்டாவதில் 29, மூன்றாவதில் 15, நான்காவதில் 8, ஐந்தாவதில் ஐந்தரை. டிராக்கில் நீங்கள் இருப்பது பெரும்பாலும் மூன்றிலும் நான்கிலும். ஆயிரம் கிலோவுக்கு மேல் இருக்கும் காரில் அங்கே கிடைப்பது ஒன்றரை சதவீதம்கூட இல்லை. முதல் கியரில்தான் பலன் அள்ளுகிறது. ஆனால் அந்த முதல் கியரைத்தான் நீங்கள் நெரிசலில் ஊர்வதற்குப் பயன்படுத்துகிறீர்கள்.

அங்கே என்ன நடக்கும் தெரியுமா? ஒரிஜினல் ஃப்ளைவீல் 1500 ஆர்பிஎம்மில் சேர்த்து வைத்திருக்கும் ஆற்றல் சுமார் 1050 ஜூல். உங்களையும் சேர்த்து 1100 கிலோ கார் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் போகும்போது இருக்கும் ஆற்றலும் ஏறக்குறைய அதேதான். கிளட்சை விடும்போது காரை அந்த முதல் அடி நகர்த்திக் கொடுக்கும் கை அதுதான். அலுமினியத்தில் அது 555 ஜூல். மீதியை ஆக்சிலரேட்டரும் ஹாஃப் கிளட்சும் சேர்ந்து ஈடுகட்ட வேண்டும். அந்தச் சூடு போய்ச் சேரும் இடம், முன்பு சொன்ன அதே ஸ்டீல் தகடு.

ஒன்பதாயிரம்:

கணக்கு சரி, மறுக்க முடியாது. ஒன்று மட்டும் இந்தக் கணக்கில் வராது. கியர் மாற்றும்போது எஞ்சின் தனியாகச் சுழல்கிறது, அப்போது காரின் ஆயிரம் கிலோ அதன் மேல் இல்லை. அங்கே 47 சதவீதமும் முழுசாகத் தெரியும். நான் சொன்ன சுகம் அந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் ரெவ் விழுவதும் அதே வேகத்தில் விழும். நிதானமாகக் கியர் மாற்றும் பழக்கம் இருந்தால் ஒவ்வொரு மாற்றத்திலும் கார் ஒரு குலுக்குக் குலுக்கும். தினசரி ஓட்டத்துக்கு நான் இப்போது ஸ்டீல் பக்கம்தான் சாய்கிறேன்.

பின்சக்கரம்:

தகட்டையும் பார்த்தேன். மேலே நீலம் பாய்ந்த திட்டுகள் நான்கைந்து. ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய இதழ்கள்) தகட்டுக்கு அடியில் உள்விளிம்பில் செருகினால் 0.10 மி.மீ. இதழ் தடையில்லாமல் உள்ளே போகிறது, அதுவும் இரண்டு திருகுகளுக்கு நடுவே மட்டும். லேத்தில் கொடுத்துச் சமன் செய்துவிடலாமா?

கடைசல்:

வேண்டாம். மேல்பக்கத்தைச் சமன் செய்தாலும் அடியில் இடைவெளி அப்படியேதான் இருக்கும். அந்த இடத்தில் சூடு அலுமினியத்துக்குள் இறங்காது, திரும்ப அங்கேயே வெந்து வளையும். தகட்டையும் திருகுகளையும் புதிதாக மாற்றுவதுதான் வழி, அதற்காகத்தான் அதைத் தனியாகக் கழற்றும்படி செய்திருக்கிறார்கள். பின்னால் எஸ்எஃப்ஐ 1.1 (பந்தயக் கார் பாகங்களுக்கான பாதுகாப்புத் தரம்) முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆறாயிரம், ஏழாயிரம் ஆர்பிஎம்மில் உங்கள் காலுக்குப் பக்கத்தில் சுழலும் பொருள் இது. யார் செய்தது, எந்தச் சோதனையில் தேறியது என்று தெரியாத ஒன்றை நான் எவர் காரிலும் மாட்டமாட்டேன்.

உங்கள் ஓட்டத்துக்கு 5.2 கிலோ ஸ்டீல் போடுங்கள். அலுமினியத்தின் பலனில் தோராயமாக முக்கால் பங்கு கிடைத்துவிடும். முழுக்க ஒரே உலோகம், தகடு வளைகிற பேச்சே இல்லை.

பின்சக்கரம்:

முத்திரை எதுவும் கண்ணில் படவில்லை. நண்பரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன், தகட்டைப் பற்றியும் சொல்லிவிட்டேன். ஸ்டீல்தான். மாட்டும்போது நான் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

கடைசல்:

கிராங்கின் போல்ட் துளைகள் எண்ணெய்ப் பக்கம் திறந்திருக்கும், அதனால் மரைகளில் சீலன்ட் தடவ மறக்காதீர்கள். ரியர் மெயின் சீலை (கிராங்கின் பின்முனையில் எண்ணெய் கசியாமல் தடுப்பது) இப்போதே மாற்றிவிடுங்கள், அதற்காக இன்னொரு முறை கியர்பாக்ஸை இறக்க வேண்டாம். உங்கள் எஞ்சினில் பைலட் பேரிங் (கியர்பாக்ஸ் தண்டின் முனையைத் தாங்குவது) ஃப்ளைவீலுக்குள் உட்காரும், புதிய ஃப்ளைவீலுக்குப் புதிய பேரிங். கிளட்ச் மூடியை நடுவில் நிறுத்தும் டோவல் பின்கள் புதியதோடு வரவில்லை என்றால் பழையதிலிருந்து எடுத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் மூடி ஒருபக்கமாக உட்கார்ந்து எல்லாம் அதிரும். துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெயை பிரேக் கிளீனரால் இரண்டு முறை துடையுங்கள். போல்ட்களை மேனுவலில் சொன்ன முறுக்குக்கு, குறுக்குக் குறுக்காக.

பின்சக்கரம்:

மாட்டி முடித்து 300 கி.மீ. ஓட்டிவிட்டேன். ஐடிலை 900-இல் வைத்தேன், ஏசி போட்டாலும் எஞ்சின் ஆஃப் ஆவதில்லை. இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றும்போதுதான் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. ஒரே ஒரு விஷயம், நியூட்ரலில் நிற்கும்போது லேசாகக் கற்களை உருட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கிறது. கிளட்ச் பெடலை மிதித்தால் நின்றுவிடுகிறது.

கடைசல்:

மிதித்தால் நிற்கிறது என்றால் கியர்பாக்ஸுக்குள் பற்கள் ஒன்றோடொன்று தட்டுகிற சத்தம். முன்பு கனமான ஃப்ளைவீல் அமுக்கி வைத்திருந்தது, இப்போது காதில் விழுகிறது. கெடுதல் இல்லை. பெடலை மிதிக்கும்போது சத்தம் ஆரம்பித்தால் மட்டும் வந்து சொல்லுங்கள், அது ரிலீஸ் பேரிங் (பெடலை மிதிக்கும்போது கிளட்சைத் தள்ளி விடுவிக்கும் பேரிங்).