கப்பல் டிப்ஸ் கணக்கு புரியவில்லை, போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

முதல் முறையாக க்ரூஸ் போகிறோம், 4 பேர், 7 இரவு. டிக்கெட் பணம் கட்டியாயிற்று, அவ்வளவுதான் என்று இருந்தால், டிப்ஸ் தலைக்கு, நாளுக்கு என்று தனியாகக் கப்பல் கணக்கில் ஏறுமாம். பாதி நேரம் தூங்கப்போகிற 5 வயதுப் பிள்ளையையும் சேர்த்து 28 தடவை! அப்புறம், பானங்களுக்கான பில்லில் 18 முதல் 20 சதவீதம் சேவைக் கட்டணம் ஏற்கெனவே இருக்க, கீழே டிப்ஸ் எழுத இன்னொரு காலிக் கோடும் இருக்குமாமே, அதை அப்படியே விட்டால் தப்பா? அறையைச் சுத்தம் செய்பவர் வயிற்றில் அடிக்க மனமில்லை, ஆனால் ஒரே வேலைக்கு இரண்டு தடவை கொடுக்கவும் முடியாது. முன்கூட்டியே கட்டிவிடுவது நல்லதா, இல்லை ஏறிய பிறகு வரவேற்பு மேசையில் கேட்டுக் குறைக்கலாமா? முன்பே கட்டி, பயணத்தை நாங்களே ரத்து செய்தால் அந்த டிப்ஸாவது திரும்ப வந்ததா உங்களுக்கு?