தக்காளி 100 ரூபாயைத் தாண்டியபோது ரெப்போ ஏன் ஏறவில்லை?

அன்னூர்க்காரன்:
2022 தொடக்கத்தில் வீட்டுக்கடன் 30 லட்சம் வாங்கினேன். 6.75 சதவீதம், 20 வருஷம், தவணை 22,811 ரூபாய். ரெப்போ, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குத் தரும் கடனுக்கான வட்டி, 4-லிருந்து 6.5 ஆனதும் என் வட்டி 9.25. விலைவாசியை அடக்கத்தான் என்றார்கள், சரி. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100-ஐத் தாண்டி, பணவீக்கமும் 7.44 சதவீதம் ஆனது. அப்போது மட்டும் ரிசர்வ் வங்கி ஏன் சும்மா இருந்தது? பணவீக்க இலக்கு 4 சதவீதம் தானே?

மளிகைக்கடை:
வட்டியை ஏற்றவில்லையே என்று கேட்கும் முதல் கடன்காரர் நீங்கள்தான் ஐயா! இலக்கு 4, இரண்டு கூடலாம், குறையலாம். 2016-லிருந்து சட்டமே அப்படி.

லோன் செக்‌ஷன் ஓய்வு:
ரெப்போவை எவ்வளவு ஏற்றினாலும் கர்நாடகத்தின் கோலார் மண்டிக்கு ஒரு லோடு தக்காளி கூடுதலாக வராது. அடுத்த அறுவடை வந்தால் விலை தானாக இறங்கும். இறங்கியது, அக்டோபரில் பணவீக்கம் 4.87. பணவீக்கத்தை அளக்கும் விலைக்குறியீட்டில் அப்போது கிட்டத்தட்ட பாதி சாப்பாட்டுச் சாமான் என்பதால், ஒரு காய் ஏறினாலே மொத்தக் கணக்கும் துள்ளியது.

2022 வேறு கதை. உக்ரைன் போரால் கச்சா எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் ஏறி, அது சோப்பு, பிஸ்கட் வரை பரவியது. பரவிவிட்டால் கடைக்காரர் இன்னும் ஏறும் என்று முன்கூட்டியே விலை வைப்பார், தொழிலாளி கூலி கூட்டிக் கேட்பார். அதை உடைக்கத்தான் வட்டி. பைக், ஃபிளாட் வாங்குவதை நாலு பேர் தள்ளிப்போட்டால் விலையை ஏற்ற விற்பவருக்குத் துணிச்சல் வராது. பாரம் உங்களைப் போன்றவர் தலையில்தான், மறுக்கவில்லை.

இன்னொன்று. 30 லட்சத்துக்கு 9.25 என்றால் மாத வட்டியே 23,125. உங்கள் பழைய தவணையைவிட அதிகம். அசல் கொஞ்சம் கழிந்திருந்தாலும், தவணையை ஏற்றாமல் வருஷத்தை மட்டும் நீட்டியிருந்தால் கடன் குறைவதே தெரியாது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று உங்களைக் கேட்க வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டிருக்கிறது. கிளையில் போய்க் கேளுங்கள்.

அன்னூர்க்காரன்:
நன்றி சார், திங்களே போகிறேன். இலக்கைத் தவறவிட்டால் அவர்களுக்கு ஏதாவது உண்டா?

லோன் செக்‌ஷன் ஓய்வு:
தொடர்ந்து மூன்று காலாண்டு தவறினால் மத்திய அரசுக்கு விளக்கக் கடிதம் எழுத வேண்டும். 2022 நவம்பரில் எழுதினார்கள். அதை வெளியிடும் அதிகாரம் தனக்கில்லை என்று அப்போதைய கவர்னர் சக்திகாந்த தாஸ் சொல்லிவிட்டார். தவணை கட்டுகிறவனுக்கு அதைப் படிக்க உரிமை உண்டு என்பது என் கட்சி.