ரெகவரி பென்டிரைவில் எஸ்எஸ்டி தெரியவில்லை: விஎம்டி டிரைவரை எங்கே சேர்ப்பது?

வணக்கம் நண்பர்களே. வீட்டு லேப்டாப், இன்டெல் 11ஆம் தலைமுறை, விண்டோஸ் 11. சிஸ்டம் ஃபைல்களையும் சேர்த்து 32 ஜிபி பென்டிரைவில் ரெகவரி டிரைவ் போட்டாச்சு. பூட் ஆகிறது. ஆனால் மீட்பைத் தொடங்கும்போது உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி மட்டும் தெரிவதில்லை.

காரணம் புரிகிறது. பயாஸில் விஎம்டி (எஸ்எஸ்டியை நிர்வகிக்கும் இன்டெல் அம்சம்) ஆனில் இருக்கிறது, பென்டிரைவில் அதற்கான டிரைவர் இல்லை. கமாண்ட் பிராம்ப்டில் டிஆர்விலோட் (drvload) கட்டளையால் டிரைவரின் ஐஎன்எஃப் ஃபைலை ஏற்றினால், டிஸ்க்குகளைப் பட்டியலிடும் டிஸ்க்பார்ட்டில் எஸ்எஸ்டி உடனே வந்துவிடும். ஆனால் அது ரேமில் மட்டும்தான். ரீஸ்டார்ட் ஆனால் போய்விடும்.

விஎம்டியை ஆஃப் செய்யும் யோசனை வேண்டாம். இப்போதுள்ள விண்டோஸ் நீலத்திரையில் நின்றுவிடலாம், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரும் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கலாம். இது வீட்டில் எல்லோரும் புழங்கும் மெஷின்.

இரண்டு வழி யோசித்திருக்கிறேன். ஒன்று, பென்டிரைவின் சோர்சஸ் ஃபோல்டரில் உள்ள பூட்.விம்மை (பென்டிரைவ் பூட் ஆகும்போது ஏறும் இமேஜ் ஃபைல்) சி டிரைவுக்கு நகலெடுத்து, டிஸ்ம் (DISM) என்ற விண்டோஸ் கருவி மூலம் மவுன்ட் செய்து டிரைவரைச் சேர்த்து, கமிட் கொடுத்து திருப்பி வைப்பது. மற்றது, ரீஏஜென்ட்சி (reagentc) கட்டளையில் டிஸேபிள் கொடுத்து, சிஸ்டம்32 ரெகவரி ஃபோல்டருக்கு வரும் வின்ஆர்ஈ.விம்மில் (லேப்டாப்பின் சொந்த ரெகவரி இமேஜ்) டிரைவரைச் சேர்த்து, எனேபிள் செய்தபின் ரெகவரி டிரைவையே புதிதாகப் போடுவது. இரண்டாவதுதான் சுத்தமான வழி என்று படுகிறது. லேப்டாப்பின் சொந்த ரெகவரிக்கும் டிரைவர் கிடைத்துவிடும்.

செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்: மீட்பு முடிந்து புதிதாக வரும் விண்டோஸிலும் அந்த டிரைவர் இருக்குமா, இல்லை முதல் ரீஸ்டார்ட்டிலேயே எஸ்எஸ்டி காணாமல் போகுமா? ரீகன்ஸ்ட்ரக்ட்.விம்மிலும் (பென்டிரைவில் சிஸ்டம் ஃபைல்கள் இருக்கும் இமேஜ்) சேர்க்க வேண்டுமென்றால், அது பல துண்டுகளாக இருக்கும்போது எப்படிச் செய்தீர்கள்?