புதுப்பிப்பு: வெங்காயம் நறுக்கும்போது கண் எரிச்சல், கடைசியில் எது பலித்தது

வீட்டு விசேஷத்துக்கு 3 கிலோ பெரிய வெங்காயம் நறுக்கணும், கண்ணைத் திறக்கவே முடியல, என்ன வழி என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பலித்தது ஃப்ரிட்ஜ் யோசனை. தோலோடு அரை மணி நேரம் வைத்து எடுத்தேன். முதல் ஒரு கிலோ வரை ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. நறுக்கும்போது செல் உடைந்து, உள்ளே இருக்கும் நொதி கலந்துதான் அந்த எரிச்சல் வாயு கிளம்புகிறது; குளிரில் அது மந்தமாகிவிடும். மீதி வெளியே கிடந்து குளிர் விட்டதும் பழைய கதைதான். கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள்.

எதிர்பாராதது கத்தி. தற்செயலாகத் தெருவில் சாணைக்காரர் வந்தார். தீட்டிய பிறகு வெங்காயம் நசுங்காமல் இறங்கியது, பலகையில் சாறே தேங்கவில்லை. கடைசி ஒரு கிலோவைக் காப்பாற்றியது இதுதான்.

வாயில் ரொட்டித் துண்டைக் கவ்விக்கொண்டு நறுக்கியதில் மாமியார் சிரித்ததுதான் மிச்சம். உரித்து, பாதியாக வெட்டித் தண்ணீரில் போட்டதும் எரிச்சலைக் குறைத்தது. ஆனால் ஈரம் போகாமல் எண்ணெய் தெறித்தது, சிவக்கவும் நேரமாயிற்று. சின்ன வெங்காயம் உரிக்க மட்டும் அது சரி.