எச்-4 காலாவதியான மாணவி, கம்யூனிட்டி காலேஜிலிருந்து யூசி-க்கு: கட்டணம், உதவித்தொகை, யாரைப் பார்ப்பது?

தாள்பேனா (கேள்வி)

கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜ் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவிக்காகக் கேட்கிறேன். 10 முதல் 12 வரை இங்கேயே அரசுப் பள்ளி, டிப்ளமாவும் வாங்கியாச்சு. அப்பாவின் எச்-1பி (வேலை விசா) முடிந்ததும் எச்-4 (அவர் குடும்பத்துக்கான விசா) காலாவதியாகி, இப்போது எந்த விசாவும் இல்லை. டாகாவும் (சிறுவயதில் வந்தவர்களுக்கான நாடுகடத்தல் விலக்கு) இல்லை. காலேஜ் நான்-ரெசிடென்ட் கட்டணம் (மாநிலத்தவர் அல்லாதவருக்கான கூடுதல் கட்டணம்) போட்டிருக்கிறது. அடுத்த ஆண்டு யூசி-க்கு (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) டிரான்ஸ்ஃபர் ஆக வேண்டும். கட்டணம் குறைய வழி உண்டா? ஃபாஃப்சா (மத்திய அரசின் கல்வி உதவி விண்ணப்பம்) போடலாமா? நிலைமையை காலேஜில் யாரிடம் சொல்வது?

கணக்குப்பிள்ளை

கட்டணம் குறையும். விசா இல்லாதவர்களுக்கும் ரெசிடென்ட் கட்டணம் தரும் ஏபி 540 என்ற மாநிலச் சட்டம் 2001-லிருந்தே இருக்கிறது. கலிஃபோர்னியாவில் மூன்று ஆண்டு பள்ளிப் படிப்பு, இங்கே வாங்கிய டிப்ளமா, கையெழுத்திட்ட அஃபிடவிட் (உறுதிமொழித் தாள்), இவ்வளவுதான் அது கேட்பது. நீங்கள் சொன்ன 10, 11, 12 அந்த மூன்றுக்குச் சரியாக வருகிறது. 2018-லிருந்து அடல்ட் ஸ்கூல், கம்யூனிட்டி காலேஜ் படிப்பையும் கணக்கில் சேர்க்கிறார்கள், அது இவருக்குத் தேவைப்படாது.

சிக்கல் வேறிடத்தில். செல்லுபடியாகும் எச்-4, எஃப்-1 (மாணவர் விசா) கையில் இருப்பவருக்கு ஏபி 540 கிடையாது (குற்றங்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கான டி, யு விசாக்கள் விதிவிலக்கு). காலாவதியானவருக்கு உண்டு. சேரும்போது விண்ணப்பத்தில் 'எச்-4' என்று பதிந்திருந்தால் அது சிஸ்டத்தில் அப்படியே கிடக்கும். நான்-ரெசிடென்ட் பில் பெரும்பாலும் அதனால்தான் வரும். அட்மிஷன்ஸ் அண்ட் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்தில் அஃபிடவிட்டையும் பள்ளி டிரான்ஸ்கிரிப்டையும் (மதிப்பெண் பதிவு) சேர்த்துக் கொடுத்து, விசா பதிவையும் திருத்தச் சொல்லுங்கள். அஃபிடவிட்டை மட்டும் கொடுத்தால் பழைய பதிவைக் காட்டித் திருப்பி அனுப்புவார்கள்.

அந்தத் தாளில் "தகுதி வந்ததும் சட்டப்படியான நிலைக்கு விண்ணப்பிப்பேன்" என்று ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இப்போதே எங்கும் விண்ணப்பிக்கச் சொல்லும் வரி இல்லை அது.

கம்யூனிட்டி காலேஜில் ரெசிடென்ட் கட்டணம் யூனிட்டுக்கு (பாடங்களை அளக்கும் அலகு) 46 டாலர். 12 யூனிட்டுக்கு 552. வருமானம் குறைவென்றால் காலேஜ் ப்ராமிஸ் கிராண்ட் அதையும் தள்ளுபடி செய்துவிடும். யூசி-யில் நான்-ரெசிடென்ட் கூடுதல் மட்டுமே ஆண்டுக்கு 30 ஆயிரம் டாலரைத் தாண்டும். அதனால் புது கேம்பஸில் அஃபிடவிட்டை மறுபடி கொடுக்க மறக்கக் கூடாது, பழைய காலேஜில் கொடுத்தது தானாகப் போய்ச் சேராது.

இதைப் படிக்கும் எச்-4 குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை: ஏபி 540-க்காக விசாவை வேண்டுமென்றே காலாவதியாக விடாதீர்கள். 18 வயதுக்குப் பிறகு 180 நாளுக்கு மேல் அப்படித் தங்கி வெளியேறினால் திரும்பி வர 3 ஆண்டுத் தடை, ஓராண்டு ஆகிவிட்டால் 10 ஆண்டு. முதலில் வக்கீல்.

மைக்கூடு

ஃபாஃப்சா போடவே கூடாது. மத்திய அரசுப் பணம் (பெல் கிராண்ட், ஃபெடரல் கடன், ஒர்க்-ஸ்டடி) எதுவும் இவருக்குக் கிடையாது, தகவல் மட்டும் அங்கே போய்ச் சேரும். இவர் போட வேண்டியது கலிஃபோர்னியா ட்ரீம் ஆக்ட் விண்ணப்பம். மாநில ஸ்டூடண்ட் எய்ட் கமிஷன் நடத்துவது. கால் கிராண்ட் (மாநில உதவித்தொகை), யூசி கிராண்ட் எல்லாம் இதன் வழியாகத்தான்.

யூசி-க்கு மார்ச் 2 கெடு என்று வைத்துக்கொள்ளுங்கள். சில ஆண்டு நீட்டிப்பார்கள், அதை நம்பி உட்கார வேண்டாம். அதே தேதிக்குள் ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) சரிபார்ப்பும் கமிஷனுக்குப் போயிருக்க வேண்டும், பலர் கோட்டை விடுவது இதில்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் 'லாஸ்ட் நேம்' இடத்திலும், பள்ளிப் பதிவில் இனிஷியலாகவும் இருந்தால் இரண்டும் பொருந்தாது. ஜிபிஏ தனியே, விண்ணப்பம் தனியே நின்றுவிடும். நம்மவர்களுக்கு இது வாடிக்கை. எல்லா இடத்திலும் ஒரே பெயர், ஒரே பிறந்த தேதி. பிறகு கமிஷன் தளமான வெப்கிராண்ட்ஸில் கணக்கைத் திறந்து, இரண்டும் சேர்ந்துவிட்டதா என்று பாருங்கள்.

யூசி விண்ணப்பத்தில் சோஷியல் செக்யூரிட்டி எண் இடத்தைக் காலியாக விடலாம். யாரோ ஒருவருடைய எண்ணைப் போடுவது பெரிய தப்பு.

இதற்கும் மேல் பணம் தேவைப்பட்டால் யூசி, கால் ஸ்டேட்டில் (கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி) ட்ரீம் லோன் இருக்கிறது: ஆண்டுக்கு 4,000 டாலர் வரை, மொத்தம் 20,000. கிராண்ட் தீர்ந்த பிறகுதான் அதைத் தொடணும்.

வேறு மாநில உறவினர் சொல்வதைக் கேட்டு முடிவெடுக்க வேண்டாம். 2001-ல் இப்படிச் சட்டம் போட்ட டெக்சஸிலேயே 2025 ஜூனில் அது நின்றுபோனது, ஃப்ளோரிடாவும் அதே ஆண்டு நிறுத்தியது.

ஆலமரத்தடி

யாரிடம் சொல்வது என்ற கேள்விக்கு. ஏபி 1645 சட்டப்படி ஒவ்வொரு கம்யூனிட்டி காலேஜிலும் கால் ஸ்டேட்டிலும் ட்ரீம் ரிசோர்ஸ் லியேசான் (விசா, ஆவணம் இல்லாத மாணவர்களுக்கு உதவுபவர்) என்று ஒருவர் இருக்க வேண்டும். காலேஜ் தளத்தில் 'அன்டாக்யுமென்டட்' என்று தேடினால் பெயர் கிடைக்கும். அஃபிடவிட் எந்த மேசையில் நிற்கிறது என்று அவரால் கேட்டுச் சொல்ல முடியும்; கவுண்ட்டரில் இருப்பவருக்கு விதி தெரியாமல் போவது சாதாரணம். இன்டர்நேஷனல் ஆபீசுக்குப் போகாதீர்கள், அது எஃப்-1 மாணவர்களுக்கானது.

குடியேற்றக் கேள்விகளை லியேசானிடம் கேட்க வேண்டாம், அவர் வக்கீல் இல்லை. கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கு இலவச வக்கீல் உதவி இருக்கிறது. யூசி-க்குப் போன பிறகு யூசி இமிக்ரண்ட் லீகல் சர்வீசஸ் சென்டர். அப்பாயின்ட்மென்டுக்குப் பழைய ஐ-94 (நுழைவுப் பதிவு), ஐ-797 (குடியேற்றத் துறை அறிவிப்பு) நகல்கள், அப்பாவுக்காக ஐ-140 (கிரீன் கார்டுக்கான வேலை மனு) போட்டிருந்தால் அதன் தேதி, எல்லாம் எடுத்துப் போகணும். 21 தாண்டியிருந்தாலும் சிஎஸ்பிஏ (கிரீன் கார்டு தாமதத்தில் பிள்ளைகளின் வயதைக் காக்கும் சட்டம்) கணக்கில் வயது குறையுமா என்று வக்கீல் பார்ப்பார்.

நிலைமையை மின்னஞ்சலில் எழுத வேண்டாம், நேரில் பேசினால் போதும். ஃபெர்பா என்ற மத்திய சட்டம் கல்விப் பதிவுகளைக் காக்கும், ஆனால் பெயர், முகவரி, தொலைபேசி போன்றவற்றை 'டைரக்டரி இன்ஃபர்மேஷன்' என்று காலேஜ் வெளியிடலாம். ரெஜிஸ்ட்ராரிடம் படிவம் கொடுத்து அதை நிறுத்தலாம். நிறுத்தினால் வாடகை வீட்டு உரிமையாளர் போன் பண்ணிக் கேட்டாலும் "இவர் எங்கள் மாணவர்" என்று காலேஜ் சொல்லாது, பட்டமளிப்பு அச்சுத்தாளிலும் பெயர் வராமல் போகலாம். யோசித்துச் செய்யுங்கள்.

தாள்பேனா

மூவருக்கும் நன்றி. கேம்பஸுக்கு ஐஸ் (குடியேற்ற அமலாக்கத் துறை) அதிகாரிகள் வந்தால்? கேம்பஸில் வேலை பார்க்க முடியுமா?

ஆலமரத்தடி

பொதுவெளியில் அவர்கள் நடமாடலாம். விடுதி அறை போன்ற தனியிடங்களுக்கு நீதிபதி கையெழுத்திட்ட வாரண்ட் வேண்டும். ஐ-200 என்ற கைது வாரண்ட் படிவத்தில் கையெழுத்திடுவது குடியேற்ற அதிகாரி, நீதிபதி இல்லை; அதை வைத்துக் கதவைத் திறக்கச் சொல்ல முடியாது. மாணவி கதவைத் திறக்காமல், தாளைக் கதவுக்கு அடியில் தள்ளச் சொல்லலாம்.

கணக்குப்பிள்ளை

சம்பள வேலை முடியாது, ஐ-9 படிவத்துக்கு (வேலை அனுமதிச் சரிபார்ப்பு) காட்ட ஒன்றும் இருக்காது. ஐடிஐஎன் (சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாதவர் வாங்குவது) வரி எண் மட்டும்தான், வேலை அனுமதி ஆகாது. சில கேம்பஸ்களில் சம்பளமாக இல்லாமல் உதவித்தொகையாகத் தரும் ஃபெல்லோஷிப்கள் உண்டு, லியேசானிடம் கேளுங்கள். நர்சிங் மாதிரி லைசென்ஸ் வேண்டிய படிப்பென்றால், 2014-ல் வந்த எஸ்பி 1159 படி கலிஃபோர்னியா போர்டுகள் சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்குப் பதில் ஐடிஐஎன்-ஐ ஏற்கும். லைசென்ஸ் கையில் வந்துவிடும், வேலை அனுமதி தனி விஷயம்.