பாஸ்வர்டுகளை இடம் மாற்றியதில் ஐசி (அடையாள அட்டை) எண் சிதைந்துவிட்டது, உதவுங்கள்

செந்தூல் வாசகி:
வணக்கம். அம்மாவின் பாஸ்வர்டுகள் பாதி குரோமில், பாதி நோட்டுப் புத்தகத்தில். எல்லாவற்றையும் பிட்வார்டனில் (பாஸ்வர்டுகளைப் பூட்டி வைக்கும் செயலி) சேர்க்க, குரோமிலிருந்து சிஎஸ்வி கோப்பாக (வெறும் எழுத்துப் பட்டியல்) இறக்கி, வேண்டாத கணக்குகளை எக்செலில் நீக்கி, சேமித்து ஏற்றினேன். ஷாப்பிங் தளங்கள் திறக்கின்றன. மலேசிய வருமான வரித் தளமான மைடேக்ஸில், பயனர் எண்ணாக ஐசி எண் இருக்க வேண்டிய இடத்தில் 5.9...E+11 என்று நிற்கிறது. வேறு இரண்டு தளங்களில் பாஸ்வர்டு தவறு என்கிறது. மறுபடி ஏற்றினால் எல்லாம் இரண்டிரண்டாக வந்துவிட்டன.

பாயான் லெப்பாஸ்:
பிட்வார்டனில் கோளாறு இல்லை தங்கச்சி, இது எக்செல் செய்த வேலை. ஐசி எண் 12 இலக்கம். 11 இலக்கத்தைத் தாண்டினால் எக்செல் அதைச் சுருக்கித்தான் காட்டும். சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது அந்தச் சுருக்கமே கோப்பில் பதிவாகும், மீதி இலக்கங்கள் போனது போனதுதான். சும்மா திறந்து பார்த்தால் கெடாது, சேமித்தால்தான் கெடும். 0-வில் தொடங்கும் எண்களில் முன்சுழியம் உதிர்ந்துவிடும். பயனர் பெயராகக் கொடுத்த கைப்பேசி எண்ணுக்கும் இதே கதி. அந்த இரண்டு பாஸ்வர்டுகளும் 0-வில் தொடங்கும் வெறும் எண்களா, இல்லை = குறியில் தொடங்குகின்றனவா பாருங்கள். = இருந்தால் எக்செல் அதைச் சூத்திரம் என்று எடுத்துக்கொள்ளும்.

குரோமில் அசல் அப்படியே இருக்கும், பயப்படாதீர்கள். நோட்டுப் புத்தகத்தில் உள்ளவற்றைக் கையால் பதிந்துவிட்டீர்களா?

செந்தூல் வாசகி:
இன்னும் இல்லை அண்ணா.

பாயான் லெப்பாஸ்:
அப்படியென்றால் சுலபம். பிட்வார்டன் இணையதளத்தில் செட்டிங்ஸ், மை அக்கவுண்ட், கீழே டேஞ்சர் சோன், அதில் பர்ஜ் வால்ட். இது குப்பைத்தொட்டிக்குக்கூடப் போகாமல் அனைத்தையும் அழித்துவிடும். கையால் பதிந்தவை இருந்திருந்தால் இதைத் தொடவே சொல்லியிருக்க மாட்டேன். பிறகு குரோமிலிருந்து புதிதாக இறக்கி, எக்செல் பக்கமே போகாமல் டூல்ஸ், இம்போர்ட் டேட்டா வழியாக ஏற்றுங்கள். வகை: குரோம் சிஎஸ்வி. ஒரே ஒரு முறை. ஏற்கெனவே இருக்கிறதா என்று பிட்வார்டன் பார்க்காது, அதனால்தான் இரட்டிப்பானது. வேண்டாத கணக்குகளை உள்ளே போனபின் அழியுங்கள், அவை 30 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும்.

பிறை அக்கா:
அந்த சிஎஸ்வி கோப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! அதில் எல்லாப் பாஸ்வர்டும் பூட்டு இல்லாமல் வெறும் எழுத்தாகக் கிடக்கிறது. டெஸ்க்டாப்பில் வைத்திருந்தால் ஒன்டிரைவுக்கும் (மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடம்) ஒரு பிரதி போயிருக்கலாம். எக்செலில் சேமித்தது, புதிதாக இறக்கியது, இரண்டையும் அழித்து, கணினியிலும் ஒன்டிரைவிலும் குப்பைத்தொட்டியைக் காலி செய்யுங்கள். அம்மாவுக்கு வாட்ஸாப்பில் அனுப்பவே வேண்டாம்.

ஐசி எண் கேட்கும் தளங்களில் முதலில் நுழைந்து பாருங்கள். அவை திறந்த பிறகே குரோமில் உள்ளதை அழித்து, பாஸ்வர்டு சேமிக்கவா என்று அது கேட்பதையும் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் அம்மா அடுத்த முறை மாற்றும் பாஸ்வர்டு குரோமில் மட்டும் பதிவாகும், பிட்வார்டனில் பழையதே நிற்கும்.

செந்தூல் வாசகி:
மைடேக்ஸ் திறந்துவிட்டது, நன்றி. அம்மாவின் ஆண்ட்ராய்டில் மற்ற செயலிகளில் தானாக நிரம்புகிறது, குரோமில் மட்டும் வரவில்லை.

பிறை அக்கா:
போனில் குரோம் செட்டிங்ஸ், ஆட்டோஃபில் சர்வீசஸ் போய், வேறு சேவையைப் பயன்படுத்து என்பதைத் தேர்ந்தெடுத்து, குரோமை மூடித் திறங்கள்.